பெயர் எழுதாத கட்டம்

மகனே,

உனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நீ பிறக்க எத்தனை வருடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது; பிறப்பாயா என்பதும் தெரியாது. எனக்கே இன்னும் பதினெட்டு நிறையவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். ஆனாலும் விடிந்தால் இந்த வீட்டில் எனக்குப் பூ வைக்கப் போகிறார்கள். அம்மாவின் தம்பி, பேச்சு வந்த நாளிலிருந்து நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அவர்தான் மாப்பிள்ளை. மாசியில் எனக்கு வயது நிறைகிறது, பங்குனியில் பரீட்சை முடிகிறது, வைகாசியில் கல்யாணம். அடுத்த வைகாசிக்குள் நீ. இப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். உன் பெயர் முகிலன். அது செத்துப்போன என் தம்பியின் பெயர்.

பிள்ளை வெளியூருக்குப் புறப்படும்போதோ, கல்யாணம் முடிந்து தனிக்குடித்தனம் போகும்போதோதான் பெற்றவர்கள் இப்படிக் கடிதம் எழுதுவார்கள். நான் நீ வருவதற்கு முன்பே எழுதுகிறேன். கேழ்வரகு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, போன் டார்ச்சைத் துப்பட்டாவில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, உயிரியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். நடுவில் அம்மா இரண்டு முறை இருமினாள். இரண்டு முறையும் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, அவள் மூச்சு சீராகும்வரை காத்திருந்தேன். பயமாக இருக்கிறது. அடிப்பார்களோ என்கிற பயம் இல்லை, இந்த வீட்டில் யாரும் என்னை அடித்ததில்லை. எல்லாரும் நல்லவர்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது. ஒரு டாக்டர் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் இவர்களிடம் சொல்லாமல் மறைத்துவிட்டேன். பூ வைப்பதற்குள் சொல்லாவிட்டால் அது உன் உடம்பில் போய் உட்காரலாம்.

முதலில் உன் மாமன் முகிலனைச் சொல்கிறேன். எனக்குப் பதினாறு வயதாகும்போது அவன் பிறந்தான். எங்கள் இருவருக்கும் நடுவில் ஓர் ஆண் குழந்தை பிறந்து எட்டாவது மாதத்தில் போய்விட்டது. அப்போது சளி என்றார்கள். முகிலனுக்கும் மூன்றாம் மாதத்திலேயே சளி. வாய்க்குள் வெள்ளை படிந்தது, போகவே இல்லை. வயிற்றுப்போக்கு நிற்கும், நான்கு நாளில் திரும்ப வரும். அவன் தொடையைப் பிடித்தால் என் இரண்டு விரல் சுற்றிக்கொள்ளும். காரிமங்கலத்தில் பார்த்து, தருமபுரியில் பார்த்து, கடைசியில் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். முதல் தடவை போனபோது அவனுக்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். யாருடைய எலும்பு மஜ்ஜையாவது அவனுக்குப் பொருந்துமா, நோய் யார் வழியாக வந்தது என்று பார்க்க வேண்டுமாம். இரண்டாவது தடவை முடிவு கேட்கப் போனோம். அப்பா கேழ்வரகு அறுப்புக்காக நின்றுகொண்டார். மாமா தன் மினி லாரியை விட்டுவிட்டு, சிநேகிதரின் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். எங்கள் முறை வந்த நேரம் பார்த்து, வண்டி வழியை மறைக்கிறது என்று செக்யூரிட்டி கூப்பிட, அவர் கீழே போனார். அறைக்குள் அம்மா, அம்மாவின் மடியில் முகிலன், பக்கத்தில் நான்.

அந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. வடகர்நாடகத்துப் பெண். எனக்குக் கன்னடம் தெரியும். எதிர்வீட்டுக்காரர்கள் கன்னடம் பேசுகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்ணோடுதான் நான் வளர்ந்தேன். அதனால் டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார், நான் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்.

"என்ன சொல்றாங்க கண்ணு?"

"நம்ம உடம்புல காவலுக்கு ஆளுங்க இருப்பாங்களாம்மா. கிருமி வந்தா அடிக்கறதுக்கு."

"இவனுக்கு ஆளு இல்லியா?"

"ஆளு இருக்காம். திருடன் யாருன்னு அவங்களுக்குக் காட்டித் தர்றதுதான் இல்லியாம்."

அம்மா குழந்தையின் பாதத்தைத் தடவிக்கொண்டே யோசித்தாள். "ஏன், காட்டறதுக்கு என்ன கேடு?" என்றாள். நான் அதை அப்படியே டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் சரியான கேள்வி என்றார்.

நீ பெரியவனாகி இதைப் படித்தால் உனக்கு விளங்க வேண்டும், அதனால் நிதானமாக எழுதுகிறேன். நம் உடம்பில் சில செல்கள் கிருமியைத் தின்று, உடைத்து, அதன் ஒரு துண்டைத் தன் மேற்பரப்பில் ஒரு கொக்கியில் மாட்டி வைக்கும். காவல் செல்கள் வந்து அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்துத்தான் எதிரி இன்னார் என்று தெரிந்துகொள்ளும். கொக்கிகள் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. சண்டை தொடங்கியதும் ஒரு செய்தி பரவும். அதற்கு இன்டர்ஃபெரான் காமா என்று பெயர். செய்தி வந்து தொட்டதும், செல்லுக்குள் ஒரு புரதம் உருவாகிப் போய், கொக்கிக்கான மரபணுக்களைத் திறந்துவிட வேண்டும். திறந்தால்தான் படியெடுக்க முடியும், படியெடுத்தால்தான் கொக்கிகள் நிறைய வரும். எங்கள் பள்ளி ஆய்வகத்தை நினைத்துக்கொண்டேன். மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள், பீரோவுக்குள் எல்லாக் குப்பியும் அதனதன் இடத்தில் இருக்கிறது. சாவி வைத்திருப்பவர் மட்டும் வரவில்லை. முகிலனுக்குக் கொக்கியின் மரபணுவில் ஓர் எழுத்துகூடப் பிழை இல்லை. அதைத் திறக்க வேண்டிய அந்த ஒரு புரதத்தில்தான் பிழை. அவனுடைய செல்களைத் தட்டில் வைத்து, அந்தச் செய்தியை வேண்டுமென்றே ஊற்றிப் பார்த்தார்களாம். மற்றவர்களின் செல்கள் என்றால் இரண்டொரு நாளில் கொக்கிகள் முளைத்து நிற்கும். "செய்தி போய்ச் சேர்ந்தது. உள்ளே யாரும் எழுந்திருக்கவில்லை" என்றார் டாக்டர். இவ்வளவையும் நான் அம்மாவுக்குச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

பிறகு அவர் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு ஒரு படம் வரைந்தார். கட்டம் என்றால் ஆண், வட்டம் என்றால் பெண். அப்பாவின் கட்டத்தையும் அம்மாவின் வட்டத்தையும் இரட்டைக் கோட்டால் சேர்த்தார். சொந்தத்துக்குள் கட்டியவர்களை அப்படித்தான் வரைவார்களாம். அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். இன்றைக்கும் அவரை அவள் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். இருவருக்குள்ளும் பாதி கறுப்பு தீட்டினார், அந்தப் பிழையில் பாதி இருவரிடமும் இருக்கிறதாம். கீழே ஒரு கட்டம், அது முழுக்கக் கறுப்பு, அது முகிலன். பக்கத்தில் ஒரு வட்டம், பாதி கறுப்பு, அது நான். என் வட்டத்திலிருந்து கீழே ஒரு கோட்டை இழுத்து, பாதியில் நிறுத்தி, ஒரு கேள்விக்குறி போட்டார். "சம்பந்ததல்லி மதுவே பேட" என்றார். சொந்தத்தில் கல்யாணம் வேண்டாம். இவளை உறவில் கொடுக்காதீர்கள், கொடுக்கிறதாக முடிவாகியிருந்தால் முதலில் அந்த மாப்பிள்ளைக்கு இந்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று அம்மாவிடம் சொல்லு. பேனா முனையால் அந்தக் கேள்விக்குறியை இரண்டு முறை தட்டினார்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"யாரு மேலயும் தப்பு இல்லியாம்மா" என்றேன் நான்.

டாக்டர் அதையும் முன்னால் சொல்லித்தான் இருந்தார். நான் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன ஒரு வரியை எடுத்து இன்னொரு வரியை மூடிவிட்டேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, உன் கல்யாணம்தான் இவனுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வேன் என்று அப்போது நினைத்தேன். அது முழு உண்மை இல்லை, உன்னிடம் மறைக்க மாட்டேன். என் வட்டத்தில் பாதி கறுப்பு இருப்பதை வீட்டில் யாரும் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றும் நினைத்தேன். எனக்குக் கூச்சமாக இருந்தது. மாமா திரும்பி வந்து, "முடிஞ்சுதா? என்ன சொன்னாங்க?" என்று கேட்டபோது, "மஜ்ஜை மாத்தணுமாம், எங்க யாருதும் சேரலையாம், வேற ஆளு தேடறாங்களாம்" என்று அம்மாவே சொன்னாள். அவள் சொன்னது அத்தனையும் நான் சொன்னது. அதோடு அந்த வாக்கியம் அந்த அறையிலேயே தங்கிவிட்டது. வரும் வழியில் அந்தப் படத்தைப் பார்த்து "இது என்ன கட்டம் கட்டமா?" என்று கேட்டாள். பள்ளியில் போடுகிற மாதிரி ஏதோ கணக்கு என்றேன்.

வேறு ஆள் கிடைப்பதற்குள் ஆனி மாதத்தில் நிமோனியா வந்தது. தருமபுரியில் நான்கு நாள் வைத்திருந்தோம். பதினான்கு மாதம் இருந்தான். முகிலனைப் பற்றி இதற்கு மேல் எழுத இன்றைக்கு முடியாது.

நான் மறைத்ததால் அம்மா பழியிலிருந்து தப்பினாளா என்று நீ கேட்கலாம். இல்லை. அவள் தனக்கென்று வேறொரு பழியைத் தேடிக்கொண்டாள். அவன் போவதற்கு இரண்டு வாரம் முன்பு, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல், காரிமங்கலம் சந்தைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். புளி விற்கிற இடத்தில் யாரோ ஒரு பெண் இருமிக்கொண்டே அவன் கன்னத்தைக் கிள்ளினாளாம். "நாந்தான் தூக்கிட்டுப் போயி குடுத்துட்டு வந்தேன்" என்பாள். பருப்பு புடைக்கும்போது சொல்வாள், பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்வாள். அதன் பிறகு அவள் சந்தைக்குப் போகவே இல்லை. அவளுக்கு உதவி செய்கிறேன் என்று நான் காலியாக்கி வைத்த இடத்தை நிரப்பிக்கொண்டு இது வந்து உட்கார்ந்தது. மகனே, யாராவது உன்னிடம் ஒரு செய்தியைக் கொடுத்து இன்னொருவரிடம் சேர்க்கச் சொன்னால், அன்புக்காகக்கூட அதில் ஒரு சொல்லைக் குறைக்காதே. உன் வாயில் நிற்கிற சொல் அவர்களுடையது, உன்னுடையது இல்லை.

சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்புவதற்குள் ஒரு நல்ல காரியம் நடக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இந்த வீட்டில் கல்யாணத்துக்கு இருப்பது நான் ஒருத்திதான். முறை மாமன் கையில் இருக்கும்போது வெளியே தேட வேண்டிய அவசியமும் இல்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தியதாக நினைக்காதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே சொன்னாள்.

"அவன் எங்கியும் போவல கண்ணு. உன் வயித்துல வந்து நிப்பான் பாரு. அதே காது, அதே மூக்கு. அக்கா தம்பி ரத்தந்தான, எங்க போயிடும்?"

"அப்படியெல்லாம் பேசாதம்மா."

"பேரு கூட மாத்த வேண்டாம். முகிலன்னே கூப்புடலாம். அந்த மஞ்சச் சட்டை, வாத்து போட்டது, ஒரு நாள் கூடப் போடல. எடுத்து வெச்சிருக்கேன்."

அவன் செத்த பிறகு அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். எங்கேயும் போகவில்லை, உன் வயிற்றில் வந்து நிற்பான், அதே ரத்தம் என்று அவள் சொன்ன ஒவ்வொன்றும், அவளுக்கே தெரியாமல், டாக்டர் சொன்னதேதான்.

போன மாதம் வகுப்பில் மரபியல் தேர்வு வந்தது. இருவருக்கும் பாதிப் பிழை இருந்தால் பிள்ளைகளுக்கு எப்படி வரும் என்று கட்டம் போட்டுக் காட்டச் சொன்னார்கள். நான்கு கட்டம். ஒன்றில் பிழையே இல்லை, இரண்டில் பாதி, ஒன்றில் முழுக்க. ஸ்கேல் வைத்து அழகாகப் போட்டேன், முழு மதிப்பெண் கொடுத்தார்கள். விடைத்தாளைக் கையில் வாங்கியபோதுதான் நீ அந்த நான்கில் ஏதோ ஒன்றுக்குள் நிற்கிறாய் என்பது உறைத்தது. மாமாவுக்கு அந்தப் பாதிப் பிழை இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் உனக்கு இந்த நோய் வராது. அம்மாவும் அவரும் கூடப்பிறந்தவர்கள், அதனால் இருக்கவும் இருக்கலாம். ஒரு சிரிஞ்சு ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும்.

கேட்டேன், மகனே. கேட்கவில்லை என்று என்மேல் குறை சொல்லாதே. மாமா தக்காளி ஏற்றிக்கொண்டு காரிமங்கலம் போகும்போது என்னைப் பள்ளியில் இறக்கிவிடுவார். முன்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"மாமா, ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துக்கறீங்களா?"

"எதுக்குங்க டாக்டரம்மா? எனக்கு என்ன கொறச்சல்?"

"கொறச்சல் இல்லீங்க. முகிலனுக்கு இருந்தது உங்களுக்குப் பாதி இருக்கலாம்."

"பாதியா? அதென்ன பரோட்டாவா, பாதி முழுசுன்னு ஆர்டர் பண்ண?" என்று சிரித்தார். "முப்பது கூடை ஒத்தை ஆளா ஏத்தறேன் புள்ள. எனக்கு ஒரு காய்ச்சல் வந்து நீ பாத்திருக்கியா?"

"பாதி இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்க மாமா. பொறக்கற புள்ளைக்குத்தான்."

வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ரொம்ப மெதுவாகக் கேட்டார். "யாராச்சும் மனசுல இருக்காங்களா? இருந்தா சொல்லிடு. அக்காகிட்ட நான் பேசிக்கறேன். உன்னைய அழ வெச்சுக் கட்டிக்கற ஆளு இல்ல நானு."

"அய்யோ, அதெல்லாம் யாரும் இல்லீங்க."

"அப்பறம் என்ன? டாக்டர் அப்படிச் சொல்லியிருந்தா நீ அன்னைக்கே சொல்லியிருப்பல்ல? நீதான எல்லாத்தையும் தமிழ்ல சொன்ன?"

பள்ளி வந்துவிட்டது, இறங்கிவிட்டேன். அன்றைக்குத்தான் நான் எதற்குள் நிற்கிறேன் என்று புரிந்தது. அன்று சொல்லியிருந்தால் அது டாக்டரின் வார்த்தை. இன்று சொன்னால் அது கல்யாணம் பிடிக்காத பெண்ணின் சாக்கு. இன்று மாலையில்கூட அம்மா பூவை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது வாயைத் திறந்தேன். அவள் நிமிர்ந்து, "என்ன கண்ணு?" என்றாள். "தண்ணி வேணும்" என்றேன். எழுந்து போய் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தத் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை என் முன்னால் நின்றாள். செய்தி எனக்கு வந்து சேர்ந்து எத்தனை மாதம் ஆகிறது. சொல்ல வேண்டிய ஒவ்வொரு சொல்லும் எனக்குள் பிழையில்லாமல் இருக்கிறது. திறக்க வேண்டியவள் நான் ஒருத்திதான், நான் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் படம் முகிலனின் பைலில் கடைசியாக இருந்தது. அதை எடுத்து வந்து இப்போது மடியில் விரித்திருக்கிறேன். டாக்டரின் கையெழுத்து கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். எல்லா உருவத்துக்குள்ளும் தமிழில் பெயர் எழுதிவிட்டேன். அப்பா பெயர், அம்மா பெயர், முழுக் கறுப்புக்குப் பக்கத்தில் முகிலன். எட்டு மாதத்தில் போனவனுக்கு டாக்டர் கட்டம் போடவில்லை, அவனைப் பற்றி அவரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. அவனுக்கு நானே ஒரு கட்டம் போட்டு, பெயரும் எழுதி, உள்ளே தீட்டத் தெரியாமல் விட்டிருக்கிறேன். பாதி கறுத்த வட்டத்தில் என் பெயர். அதற்குப் பக்கத்தில் மாமாவுக்கு ஒரு கட்டம், அதற்குள் அவர் பெயரும் ஒரு கேள்விக்குறியும். இரண்டையும் இரட்டைக் கோட்டால் சேர்த்தேன். கீழே, அந்தக் கோடு நின்றுபோன இடத்தில், நான்கு சின்னக் கட்டம் போட்டு ஒன்றைக் கறுப்பாக்கினேன். அடியில் டாக்டர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி, "இதை அன்றைக்கு நான் உன்னிடம் சொல்லவில்லை அம்மா. தப்பு என்னுடையது. முதலில் மாமாவுக்குப் பரிசோதனை செய்யுங்கள், பூவை அப்புறம் வையுங்கள்" என்று எழுதினேன்.

நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியவில்லை. அப்பா பேசாமல் எழுந்து கேழ்வரகுக் காட்டுக்குப் போய்விடலாம். பள்ளியை நிறுத்திவிடலாம். மாமா என்னைப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம், அதுதான் எனக்கு அதிகம் வலிக்கும். அம்மாவை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. இந்தப் படத்தைப் பார்த்ததும் சந்தைப் பழி அவளை விட்டுப் போகும், அந்த இடத்தில் இது வந்து உட்காரும். இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து. அவளிடமிருந்து நான் உன்னையும் எடுத்துக்கொள்கிறேன். அந்த வாத்துச் சட்டையை அவள் என்ன செய்வாள் என்று தெரியவில்லை.

நீ என்றைக்காவது வந்தால், எந்த வழியாக, யாருக்குப் பிள்ளையாக வந்தாலும், இந்த நோட்டை உன்னிடம் கொடுப்பேன். உன்னை வேண்டாம் என்று எழுதியதல்ல இது. உனக்கு ஜுரம் வருகிற ஒவ்வொரு தடவையும் உன் செல்கள் எழுந்திருக்கின்றனவா என்று தொடையைப் பிடித்துப் பார்க்கிற அம்மாவாக என்னால் இருக்க முடியாது. அதற்காக எழுதியது.

காகிதத்தை மடிக்காமல், பூ வைக்கச் சமையற்கட்டில் எடுத்து வைத்திருக்கிற தாம்பாளத்தில் வைத்துவிட்டு வந்தேன், வெற்றிலைக்கு மேல். எல்லாருக்கும் பெயர் எழுதிவிட்டேன், அந்த நான்கு கட்டத்தைத் தவிர. அவர்கள் உனக்கு வைத்த பெயரை ஒன்றிலும் எழுதவில்லை. இப்போதைக்குப் பெயரில்லாமல் இரு, மகனே. உனக்கு அதுதான் பத்திரம்.

சமையற்கட்டில் விளக்கு எரிகிறது. அம்மா எழுந்துவிட்டாள். தாம்பாளம் தரையில் உரசும் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"கண்ணு" என்று கூப்பிடுகிறாள். "இங்க வா. இது என்னான்னு சொல்லு."

போகிறேன்.